பூட்டிய கதவில்தான் மிச்சம்: உள்ளாட்சி அலுவலகத்தில் சுருக்கிய வேலை வாரத்தைக் கொண்டுவர முழுமையான வழிகாட்டி

வாரம் 40 மணி நேர வேலையை ஐந்து நாளுக்குப் பதிலாக நான்கு நாளில் செய்து முடிப்பது, ஐந்தாம் நாள் அலுவலகத்தைப் பூட்டி வைப்பது. சுருக்கிய வேலை வாரம் என்பது இவ்வளவுதான். சம்பளம் மாறாது, மொத்த மணி நேரமும் மாறாது, நாள் மட்டும் ஒன்று குறையும். பணியாளர் வாரத்துக்கு ஒரு தடவை குறைவாக வண்டியை எடுப்பார். கட்டடத்தில் ஒரு நாள் ஏசி ஓடாது. மின்சாரமும் எரிபொருளும் மிச்சமாகும் என்பது எதிர்பார்ப்பு.

இந்த எதிர்பார்ப்பு தானாகப் பலித்துவிடாது. அமெரிக்காவின் யூட்டா மாநில அரசு 2008 ஆகஸ்டில் ஏறத்தாழ 17,000 ஊழியர்களை இந்த முறைக்கு மாற்றியது. திங்கள் முதல் வியாழன் வரை, காலை 7 மணியிலிருந்து மாலை 6 மணி வரை வேலை, வெள்ளிக்கிழமை பூட்டு. ஊழியர்களில் பெரும்பாலோருக்கு அது பிடித்திருந்தது. ஆனால் எரிசக்தியில் ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் மிச்சமாகும் என்று எதிர்பார்த்த இடத்தில், கையில் கிடைத்தது அதில் ஒரு சிறு பகுதியே. வெள்ளிக்கிழமை போனால் கதவு பூட்டியிருக்கிறது என்று மக்களிடமிருந்து புகாரும் வந்தது. 2011 செப்டம்பரில் ஐந்து நாள் முறை திரும்பிவிட்டது. அதே மாநிலத்தில் சில நகர நிர்வாகங்கள் மட்டும் நான்கு நாள் முறையைத் தொடர்ந்தன.

யோசனை தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. மிச்சம் எங்கிருந்து வரும், எங்கே ஒழுகிப்போகும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டு, அதற்கேற்ப ஒவ்வொரு முடிவையும் எடுக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. ஆணையர், மன்ற உறுப்பினர், சங்க நிர்வாகி, கட்டடப் பராமரிப்புப் பொறியாளர் ஆகிய நால்வரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படித்தால் நல்லது.

படி 1: எந்த முறை என்பதைத் தெளிவாக்குங்கள்

"நான்கு நாள் வாரம்" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு விஷயங்கள் உலவுகின்றன. கூட்டத்தில் பாதிப் பேர் ஒன்றையும் மீதிப் பேர் இன்னொன்றையும் நினைத்துக்கொண்டு பேசினால் மாதக்கணக்கில் குழப்பம் நீடிக்கும்.

முதலாவது, நாளுக்கு 10 மணி நேரம் வீதம் நான்கு நாள். இரண்டாவது, இரண்டு வாரத்துக்கு 80 மணி நேரத்தை ஒன்பது நாளில் முடிப்பது: எட்டு நாள் 9 மணி நேரம், ஒரு நாள் 8 மணி நேரம், பத்தாம் நாள் விடுமுறை. இந்த இரண்டும்தான் சுருக்கிய வேலை வாரம்.

மூன்றாவது, வேலை நேரத்தையே குறைப்பது. இங்கிலாந்தின் தெற்கு கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்ட மன்றம் 2023 ஜனவரியில் தொடங்கி, 2025இல் நிரந்தரமாக்கியது இந்த வகை. அங்கே முழுச் சம்பளத்துக்கு ஏறத்தாழ 32 மணி நேர வேலைதான். ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை ரெய்க்யாவிக் நகர மன்றமும் தேசிய அரசும் நடத்திய சோதனைகளும் நேரக் குறைப்புதான். அவற்றின் நல்ல முடிவுகளைக் காட்டி 10 மணி நேர வேலைக்கு ஆதரவு திரட்டாதீர்கள். 32 மணி நேரம் உழைத்தவரின் மனநிறைவு 40 மணி நேரத்தை நான்கு நாளில் திணித்தவருக்கும் இருக்கும் என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை.

எரிபொருள் தட்டுப்பாட்டில் திடீரென்று ஒரு நாள் மூடுவது இவை மூன்றிலும் சேராது. 2022 ஜூனில் இலங்கை அரசு, பொதுத்துறையின் பெரும்பகுதிக்கு மூன்று மாதம் வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு ஒப்புதல் அளித்தது அப்படிப்பட்ட அவசர நடவடிக்கை. நெருக்கடிக்கு அது பொருந்தலாம். நிலையான நிர்வாக முறைக்கு அதைப் பார்த்துத் திட்டமிட முடியாது.

படி 2: கட்டடம் பூட்டப்படுமா? இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் நகராதீர்கள்

முழு வழிகாட்டியிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம் இதுதான்.

பல அலுவலகங்கள் எடுக்கும் சுலபமான வழி, பாதிப் பேருக்குத் திங்கள் விடுமுறை, மீதிப் பேருக்கு வெள்ளி விடுமுறை என்று பிரித்துக்கொடுத்துவிட்டு, அலுவலகத்தை ஐந்து நாளும் திறந்து வைப்பது. மக்களுக்கும் நல்லது, ஊழியருக்கும் நல்லது என்று தோன்றும். மின்சாரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இப்போதைய நிலை: 8 மணி நேர வேலை, ஒரு மணி நேர மதிய இடைவேளை, ஆட்கள் வருமுன் ஒரு மணி நேரம் ஏசி ஓட்டம், போன பின் ஒரு மணி நேரம் துப்புரவு. நாளுக்கு 11 மணி நேரம், வாரத்துக்கு 55 மணி நேரம் கட்டடம் முழு ஓட்டத்தில் இருக்கிறது.

ஆட்களை இரண்டாகப் பிரித்து ஐந்து நாளும் திறந்தால், 10 மணி நேர வேலையோடு நாளுக்கு 13 மணி நேரம், வாரத்துக்கு 65 மணி நேரம். ஓட்டம் 18 சதவீதம் கூடிவிட்டது. பாதி நாற்காலி காலியாக இருந்தாலும் ஏசிக்கும் லிஃப்டுக்கும் நடைபாதை விளக்குக்கும் அது தெரியாது.

நான்கு நாள் மட்டும் திறந்து ஐந்தாம் நாள் பூட்டினால், 13 பெருக்கல் 4, வாரத்துக்கு 52 மணி நேரம். 55இலிருந்து 52. குறைவு வெறும் 5 சதவீதம் சொச்சம். "ஐந்தில் ஒரு நாள் மூடுகிறோம், 20 சதவீதம் மிச்சம்" என்று மேடையில் பேசிவிட்டு ஆண்டு முடிவில் மின் கட்டணத்தைப் பார்த்துத் திகைக்கும் இடம் இதுதான்.

இதை எப்படிப் பெரிதாக்குவது? மதிய இடைவேளையை அரை மணியாக்கி, காலையிலும் மாலையிலும் கால் மணி ஓய்வை வேலை நேரத்துக்குள்ளேயே கொடுங்கள். துப்புரவை மாலையிலிருந்து வேலை நேரத்துக்குள் கொண்டுவாருங்கள். இப்போது 10 மணி நேர வேலை, அரை மணி இடைவேளை, முன்னதாக ஒரு மணி ஏசி: நாளுக்கு பதினொன்றரை மணி, வாரத்துக்கு 46 மணி நேரம். ஓட்டம் 16 சதவீதம் குறைந்துவிட்டது. ஒரே விடுமுறை, ஒரே வேலை நேரம். மூன்று மடங்கு மிச்சம். பகலில் துப்புரவு செய்தால் அந்தப் பணியாளர்களும் இரவில் வீடு திரும்ப வேண்டியதில்லை. பல அலுவலகங்களில் அவர்களை யாரும் நேரில் பார்த்ததே இல்லை என்ற நிலையும் மாறும்.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் கட்டடத்தின் நேரங்களைப் போட்டு இதே பெருக்கலைச் செய்யுங்கள். இரவு பகலாக ஓடும் சர்வர் அறை, குளிர்பதனப் பெட்டி, வெளி விளக்கு போன்றவற்றின் செலவு இந்தக் கணக்கில் வராது. எத்தனை நாள் பூட்டினாலும் அது அப்படியே இருக்கும். எனவே மொத்த மின் கட்டணத்தில் விழும் குறைவு, ஓட்ட நேரத்தின் குறைவைவிடச் சிறியதாகவே இருக்கும்.

மக்கள் சேவைக்காகச் சில பிரிவுகள் ஐந்தாம் நாளும் இயங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அவற்றையெல்லாம் ஒரே தளத்துக்கு அல்லது ஒரே சிறு கட்டடத்துக்குக் கொண்டுவாருங்கள். நான்கு பேருக்காக ஆறு மாடியும் குளிர்ந்துகொண்டிருக்கக் கூடாது.

படி 3: பணிகளை மூன்றாகப் பிரியுங்கள்

தாளை எடுத்து மூன்று கட்டம் போடுங்கள்.

நிறுத்தவே முடியாதவை: குடிநீர், தீயணைப்பு, கழிவுநீர் அடைப்பு, மருத்துவமனை, சுடுகாடு. இவை ஏற்கெனவே ஷிப்டில் ஓடுபவை. இவற்றைத் தொடாதீர்கள். ஷிப்ட் மாற்றம் வேண்டுமென்றால் அதைத் தனித் திட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் மாற்றக்கூடியவை: கணக்கு, பொறியியல், நகரமைப்பு, சொத்து வரி, சான்றிதழ், கட்டட அனுமதி. சுருக்கிய வாரம் முதலில் பொருந்துவது இங்கேதான்.

மூன்றாவது, வெளிப்பணி. உண்மையான மிச்சம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான திட்டங்கள் இதைக் கவனிப்பதே இல்லை. ஒரு குப்பை லாரிக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிச் சோதனை, பணிமனையிலிருந்து தெருவுக்குப் போவது, கிடங்குக்குப் போய்த் திரும்புவது, கழுவி நிறுத்துவது, எல்லாம் சேர்த்து நாளுக்கு 2 மணி நேரம் என்று வையுங்கள். 8 மணி நேர நாளில் தெருவில் வேலை 6 மணி நேரம். ஐந்து நாளுக்கு 30. 10 மணி நேர நாளில் தெருவில் 8 மணி நேரம். நான்கு நாளுக்கு 32. ஒரு நாள் குறைவாக வண்டி எடுத்தும் தெருவில் வேலை 2 மணி நேரம் கூடுகிறது. பணிமனையிலிருந்து தெருவுக்கு வெறும் வண்டியாக ஓடும் பயணத்தில் ஐந்தில் ஒன்று மறைகிறது. அந்த டீசல் முழுக்க மிச்சம். ஐந்தாம் நாள் லாரிகள் சும்மா நிற்பதால் பழுதுபார்ப்பை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம்; வேலை நாளில் மாற்று வண்டி தேட வேண்டாம். சாலைப் பராமரிப்பு, மரம் வெட்டுதல், வடிகால் தூர்வாருதல் போன்ற வேலைகளிலும் இதேதான். தடுப்பு வைப்பதும் எடுப்பதும் எத்தனை மணி வேலை செய்தாலும் ஒரே நேரம்தான் பிடிக்கும். தெற்கு கேம்பிரிட்ஜ்ஷயரிலும் 2023இல் குப்பை எடுக்கும் பாதைகளையும் நாட்களையும் நான்கு நாளுக்கு ஏற்ப மாற்றி அமைத்தார்கள்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. 10 மணி நேரம் நாற்காலியில் உட்காருவது வேறு, 10 மணி நேரம் வெயிலில் குப்பைத்தொட்டியைத் தூக்குவது வேறு. கடுங்கோடையில் விடியற்காலையில் தொடங்கி, உச்சிவெயிலுக்கு முன் கனமான வேலையை முடிக்க வழி இல்லையென்றால், அந்த மாதங்களில் 8 மணி நேர முறைக்கே திரும்பிவிடுங்கள். டீசல் மிச்சத்துக்காக ஒருவர் மயங்கி விழக் கூடாது.

படி 4: மாற்றுவதற்கு முன் ஓராண்டு அளவெடுங்கள்

யூட்டா போன்ற இடங்களில் வாக்குவாதம் ஓயாததற்கு ஒரு காரணம், முன்னும் பின்னும் ஒப்பிடுவது அவ்வளவு சுலபமாக இல்லாததுதான். மூன்று ஏடுகள் போதும்.

ஒன்று, ஒவ்வொரு கட்டடத்துக்கும் மாதவாரி மின்சார யூனிட். ரூபாயோ டாலரோ அல்ல, யூனிட். கட்டண விகிதம் மாறினால் பணக்கணக்கு ஏமாற்றும். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் மணிவாரி எண்களை வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 3 மணிக்குக் கட்டடம் எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். யாருமில்லாத நேரத்தில் ஓடும் அந்த அளவு, பகல் அளவில் மூன்றில் ஒரு பங்காக இருந்தால், வேலை வாரத்தை மாற்றும் முன் தீர்க்க வேண்டிய சிக்கல் அதுதான். கூடவே அந்தந்த மாதத்தின் சராசரி வெப்பநிலையையும் எழுதி வையுங்கள். இதமான ஆண்டில் குறைந்த மின்சாரத்தைத் திட்டத்தின் வெற்றி என்று சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது.

இரண்டு, வாகன டீசல்: வண்டி வாரியாக லிட்டரும் கிலோமீட்டரும்.

மூன்று, பணியாளரின் பயணம். ஒரு பக்கத் தாளில் கேளுங்கள்: வீடு எவ்வளவு தூரம், எதில் வருகிறீர்கள், தனியாகவா சேர்ந்தா. 200 பேர் அலுவலகத்தில் 120 பேர் காரில் வருகிறார்கள், போகவர 20 கிலோமீட்டர், ஆண்டில் 46 வேலை வாரம், 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் பெட்ரோல் என்று வைத்தால், வாரத்துக்கு ஒரு நாள் வராததால் ஆண்டில் 1,10,400 கிலோமீட்டர் குறையும். ஏறத்தாழ 7,700 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும். ஆக ஏறத்தாழ 17.8 டன். டீசலுக்கு லிட்டருக்கு 2.7 கிலோ வீதம் போடுங்கள்.

இந்த 17.8 டன்னை அறிக்கையில் அப்படியே எழுதாதீர்கள். விடுமுறை நாளில் அவர் அதே காரை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போவார். வீட்டில் ஏசி ஓடும். மூன்றில் ஒரு பங்கு இப்படித் திரும்பி வருகிறது என்றால் மிஞ்சுவது 12 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. உண்மையான பங்கு எவ்வளவு என்பதைத் திட்டம் தொடங்கிய பின் ஒரு வார நாட்குறிப்பு எழுதச் சொல்லிக் கண்டுபிடிக்கலாம். பெரும்பாலானோர் பேருந்திலோ நடந்தோ வரும் அலுவலகம் என்றால், பயணக் கணக்கில் பெரிதாக எதுவும் கிடைக்காது. அதையும் நேர்மையாக எழுதுங்கள்.

படி 5: சட்டம், மேலதிக நேரம், விடுப்பு

முதல் கேள்வி: உங்கள் சட்டத்தில் நாளுக்கு உச்ச வேலை நேரம் எவ்வளவு? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1930ஆம் ஆண்டு 30ஆம் எண் உடன்படிக்கை, வணிகத்திலும் அலுவலகங்களிலும் நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வைத்துவிட்டு, வார உச்சத்தை மீறாமல் நாளுக்கு 10 மணி நேரம் வரை அமைத்துக்கொள்ளலாம் என்கிறது. பெல்ஜியம் 2022இல் கொண்டுவந்த சட்டம், முழுநேர ஊழியர் தன் வேலையை நான்கு நாளில் முடிக்க விண்ணப்பிக்க வழி செய்தது. உங்கள் சட்டத்தில் 8 மணி நேரத்துக்கு மேல் எல்லாமே மேலதிக நேரம் என்று இருந்தால், தினமும் 2 மணி நேரத்துக்கு இரட்டைப் படி, அதாவது இரு மடங்கு ஊதியம், கொடுக்க நேரிடும். திட்டம் முதல் மாதத்திலேயே செத்துவிடும். மேலிடத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி கைக்கு வந்த பிறகே அறிவியுங்கள். தெற்கு கேம்பிரிட்ஜ்ஷயர் மன்றத்தைச் சோதனையை நிறுத்தும்படி 2023இல் மத்திய அரசின் அமைச்சரே எழுதினார் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒன்பது நாள் முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் வாரத்தில் 44 மணி நேரமும் இரண்டாம் வாரத்தில் 36 மணி நேரமும் வரும். வாரம் 40ஐத் தாண்டினால் மேலதிகப் படி என்ற சட்டம் இருந்தால் முதல் வாரம் மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் இதற்குக் கண்டுபிடித்த வழி, கணக்கு வாரத்தை 8 மணி நேர வெள்ளிக்கிழமையின் நடுவில் தொடங்குவது. முற்பகல் 4 மணி நேரம் ஒரு வாரத்தில், பிற்பகல் 4 மணி நேரம் அடுத்த வாரத்தில். இரண்டு வாரமும் சரியாக 40.

விடுப்பை நாளில் அல்ல, மணி நேரத்தில் கணக்கிடுங்கள். 12 நாள் தற்செயல் விடுப்பு என்பது 96 மணி நேரம். 10 மணி நேர நாளில் அது 9.6 நாள். நாள் கணக்கில் விட்டால் சிலருக்கு 24 மணி நேரம் கூடுதலாகப் போகும், ஐந்து நாள் முறையில் இருப்பவர்கள் கேள்வி கேட்பார்கள், அவர்கள் கேட்பது நியாயம். அரசு விடுமுறை வேலை நாளில் வந்தால் 8 மணி நேரம்தான் கழியும், மீதி 2 மணி நேரத்தை அந்த வாரமே ஈடுகட்டுவதா, விடுப்பில் கழிப்பதா? விடுமுறை பூட்டும் நாளிலேயே வந்துவிட்டால்? இந்த இரண்டுக்கும் ஒரே வரியில் விடை சுற்றறிக்கையில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தப் பணியாளர்களை மறந்துவிடாதீர்கள். காவலாளி, துப்புரவுப் பணியாளர், உணவகத்தில் வேலை செய்பவர் பலருக்கும் நாள் கூலி. ஒரு நாள் பூட்டினால் அவர்களின் கூலியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். நிரந்தர ஊழியரின் விடுமுறைக்கு அவர்கள் பணம் கட்டுவது போல ஆகிவிடும். ஒப்பந்தத்தைத் திருத்தி, அதே வாரக் கூலிக்கு நான்கு நாளில் அதே மணி நேர வேலை என்று எழுதுங்கள். இதைச் செய்ய முடியாதென்றால் திட்டத்தையே தள்ளிப் போடுங்கள்.

படி 6: பணியாளர்களிடம் கேளுங்கள், வாக்கெடுங்கள்

முதல் கூட்டத்தில் எல்லோரும் கைதட்டுவார்கள். மூன்று நாள் தொடர் விடுமுறையை யார் வேண்டாம் என்பார்? கை தூக்காமல் உட்கார்ந்திருப்பவர்களைக் கவனியுங்கள். காலை 7 மணிக்குக் குழந்தையை விட இடமில்லாத தாய், மாலையில் முதியவருக்கு மருந்து கொடுக்க வேண்டியவர், கர்ப்பிணி, நீண்ட நேரம் உட்கார முடியாத மாற்றுத்திறனாளி, கடைசிப் பேருந்தை நம்பியிருப்பவர். இவர்களுக்கு 8 மணி நேர ஐந்து நாள் முறையில் தொடர உரிமை வேண்டும். ஐந்தாம் நாள் வீட்டிலிருந்தோ படி 2இல் சொன்ன சிறு கட்டடத்திலிருந்தோ வேலை செய்யலாம். காரணம் கேட்டுச் சான்றிதழ் கேட்டு அலைக்கழிக்காதீர்கள்.

கலிஃபோர்னியாவில் தனியார் நிறுவனம் 10 மணி நேர நாளைக் கொண்டுவர, பாதிக்கப்படும் ஊழியரில் மூன்றில் இரண்டு பங்கினர் ரகசிய வாக்கெடுப்பில் ஆதரிக்க வேண்டும் என்பது சட்டம். உள்ளாட்சிக்கும் அதே அளவுகோலை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ரகசிய வாக்கு என்பது முக்கியம். மேலதிகாரியின் முகத்தைப் பார்த்துக் கை தூக்குவதை ஒப்புதல் என்று சொல்ல முடியாது.

சோர்வைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள். உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுவதாகக் காட்டியது. 40 மணி நேரம் அந்த எல்லைக்கு வெகு கீழே. ஆனால் 10 மணி நேர நாளின் மேல் இன்னும் 2 மணி நேரம் மேலதிக வேலை வாங்கத் தொடங்கினால் அந்த எல்லையை நோக்கி நடக்கிறீர்கள். நான்கு நாளில் மேலதிக வேலைக்குத் தடை, பூட்டும் நாளில் தொலைபேசி அழைப்புக்குத் தடை. இரண்டையும் எழுதி வையுங்கள். பூட்டும் நாளில் அழைத்தால் அது வேலை நேரம், படி உண்டு.

படி 7: மக்களுக்கு இழப்பு இல்லாமல்

மக்களுக்குக் கிடைக்க வேண்டிய லாபம் எளியது: வேலைக்குப் போகிறவர், அரை நாள் கூலியை இழக்காமல், காலை 7 மணிக்கோ மாலை 5 மணிக்கோ கவுன்ட்டருக்கு வந்து போகலாம். அதனால் கூடுதல் நேரத்தில் கவுன்ட்டர் திறந்தே இருக்க வேண்டும். ஊழியர் காலை 7 மணிக்கு வந்துவிட்டு, கவுன்ட்டரை 10 மணிக்குத் திறந்தால் மக்களிடம் சொல்ல உங்களுக்கு வாய் இருக்காது.

எத்தனை மனு எந்தக் கிழமையில் எந்த மணியில் வருகிறது என்று டோக்கன் இயந்திரத்திலிருந்து ஓராண்டுக் கணக்கை எடுங்கள். பூட்டும் நாளில் வந்துகொண்டிருந்தவர்களில் யார் இணையத்தில் செய்துகொள்ள முடியும், யார் முடியாது என்று பாருங்கள். முடியாதவர்களுக்காகவே அந்த நாள் ஒரு சிறு கவுன்ட்டர்: இறப்புச் சான்று, குடிநீர்ப் புகார், அவசர அனுமதி.

சட்டக் கெடு உள்ள விஷயங்களில் குறிப்பாகக் கவனம் வேண்டும். மனுவுக்கு 15 நாளில் பதில், வரிக்குக் கடைசி நாள், ஒப்பந்தப்புள்ளி திறக்கும் நாள், தேர்தல் வேட்புமனு. பூட்டும் நாள் வேலை நாளாகக் கணக்கிடப்படுமா இல்லையா என்பதைத் தீர்மானத்திலேயே சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் நீதிமன்றம் சொல்லும்.

மூன்று மாதத்துக்கு முன்பே கதவில், வரி ரசீதின் பின்பக்கத்தில், குப்பை வண்டியின் ஒலிபெருக்கியில் அறிவியுங்கள்.

படி 8: எந்த நாளைப் பூட்டுவது?

வெள்ளிக்கிழமை என்று எல்லோரும் உடனே சொல்வார்கள். வார இறுதியோடு ஒட்டியிருப்பதால் கட்டடம் தொடர்ந்து மூன்று நாள் அணைந்திருக்கும், யாரும் இடையில் வந்து திறக்க மாட்டார்கள். ஆனால் மூன்று நாள் தொடர் விடுமுறை நெடுந்தூரக் கார்ப் பயணத்துக்கு அழைப்பு விடுக்கும். புதன்கிழமையைப் பூட்டினால் நெடும்பயணம் குறையும், இரண்டு நாளுக்கு ஒரு முறை உடல் ஆறும், மக்களுக்கும் தொடர்ச்சியாக மூன்று நாள் அலுவலகம் இல்லாமல் போகாது. வெளிப்பணிக் குழுக்களுக்குப் புதன்தான் சிறந்தது என்று நினைக்கிறேன். அலுவலகத்துக்கு வெள்ளி அல்லது திங்கள். ஸ்பெயினின் வலென்சியா நகரில் 2023 ஏப்ரல், மே மாதங்களில் தொடர்ந்து நான்கு திங்கள் விடுமுறையாக அமைந்தபோது, போக்குவரத்து குறைந்து காற்றில் நைட்ரஜன் டை ஆக்ஸைடும் குறைந்ததைப் பதிவு செய்தார்கள். ஊரே ஒரே நாளில் நின்றபோது கிடைத்த பலன் அது; ஒரு அலுவலகத்துக்கு அந்த அளவில் எதிர்பார்க்க முடியாது.

நீட்டிய 2 மணி நேரத்தைக் காலையில் சேர்ப்பதா மாலையிலா? முடிந்த வரை காலையில். விடியல் வெளிச்சம் இலவசம், காலையில் ஏசிக்கு வேலை குறைவு, மாலையில் ஊர் முழுக்க விளக்குப் போடும் நேரத்தில் மின்வாரியத்தின் சுமையையும் நீங்கள் கூட்ட மாட்டீர்கள்.

படி 9: பூட்டும் நாளின் முந்தைய மாலை

பொறியாளர் கையில் ஒரே தாளில் பட்டியல் இருக்க வேண்டும். மைய ஏசியின் தானியங்கி நேர அட்டவணையை மாற்றினீர்களா? இதுதான் அதிகம் மறக்கப்படுவது. ஆட்களுக்கு விடுமுறை கொடுத்துவிட்டு, இயந்திரத்தில் பழைய ஐந்து நாள் அட்டவணையே ஓடிக்கொண்டிருந்தால் வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்குக் காலிக் கட்டடம் ஜில்லென்று இருக்கும். காற்றோட்ட விசிறி, தண்ணீர் சூடாக்கி, குடிநீர்க் குளிர்ப்பான், அச்சு இயந்திரம், கழிவறை விளக்கு, ஒரு லிஃப்டைத் தவிர மற்றவை எல்லாம் அணைக்கப்பட வேண்டும். கணினிகளை மையத்திலிருந்தே அணைக்கும்படி தகவல் தொழில்நுட்பப் பிரிவு செய்துவைக்கட்டும். சர்வர் அறைக்குத் தனி ஏசி வையுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு அறைக்காக முழு மைய ஏசியும் ஓடும்.

ஈரப்பதம் அதிகமுள்ள இடங்களில் மூன்று நாள் முழுக்க அணைத்தால் பழைய ஆவணங்களில் பூஞ்சை பிடிக்கலாம். ஆவண அறைக்கு மட்டும் ஈரப்பதம் நீக்கும் சிறு இயந்திரம் வாங்குங்கள். மூன்று நாள் தேங்கிய குழாய்நீரைத் திறந்ததும் சற்று நேரம் ஓடவிட்டுப் பின் குடியுங்கள்.

"அரை மணி நேரம் வந்து ஒரு கோப்பைப் பார்த்துவிட்டுப் போகிறேன்" என்று வரும் அதிகாரிதான் இந்த முறையின் பெரிய எதிரி. அவருக்காகக் காவலர் கதவைத் திறப்பார், ஓட்டுநர் வருவார், மாடி ஏசி போடப்படும். சாவியைப் பொறியாளரிடம் மட்டும் கொடுங்கள். ஆணையர் முதல் ஆளாக இதற்குக் கட்டுப்பட வேண்டும்.

படி 10: சோதனை ஓட்டமும் முடிவும்

குறைந்தது ஓராண்டு. ஆறு மாதத்தில் ஒரு பருவம் விடுபட்டுவிடும், மின்சார எண்களை ஒப்பிட முடியாது. தொடங்கும் முன்பே நிறுத்தும் நிபந்தனைகளை எழுதுங்கள்: மனுவுக்குப் பதில் கிடைக்கும் சராசரி நாள் முன்பைவிடக் கூடினால், மாலை நேர விபத்துகள் கூடினால், மேலதிகப் படி கூடினால், எந்த அளவில் நிறுத்துவீர்கள்? பின்னால் யோசித்தால் ஆதரிப்பவர் ஒரு எண்ணும் எதிர்ப்பவர் இன்னொரு எண்ணும் சொல்வார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரே பக்கத்தில் வெளியிடுங்கள்: யூனிட், டீசல் லிட்டர், விடுப்பு மணி நேரம், மேலதிகப் படி, மனுத் தாமதம், பூட்டும் நாளில் வந்து திரும்பிப் போனவர் எண்ணிக்கை. கடைசியாகச் சொன்னதைக் காவலரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்துக் குறிக்கச் சொல்லுங்கள். எண் கெட்டதாக இருந்தாலும் வெளியிடுங்கள்.

ஆண்டு முடிவில் மன்றத்தின் முன் மூன்று வழிகள் இருக்கும்: தொடர்வது, திருத்தித் தொடர்வது, திரும்புவது. தொடர்வதானால் தீர்மானத்தில் இன்னொரு வரி சேருங்கள். ஆட்களை ஒரே தளத்துக்குக் கொண்டுவந்த அனுபவத்தில், எந்தெந்த அறை உண்மையில் தேவை என்று இப்போது உங்களிடம் எண் இருக்கும். பிரித்துப் பார்த்தால், வாடகைக்கு எடுத்த ஒரு கட்டடத்தையே கைவிட முடியலாம். நான்கு நாள் முறையில் ஓராண்டு முழுக்கப் பிசிறுபிசிறாகச் சேரும் மின்சாரத்தைவிட, ஒரு கட்டடத்தின் மீட்டரையே நிரந்தரமாகக் கழற்றுவது பெரிய மிச்சம். வாடகை ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று இன்றைக்கே பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.